கதவுக்கு அம்மை போட்ட வாரம்

எண்பத்து மூன்றாம் வருடம் சங்ககிரியில் யாரை நிறுத்தி நாச்சிமுத்துவின் கார் எது என்று கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அரக்கு நிறப் பியட். நாலு ரிக் வண்டிகளை வைத்து ஊர் ஊராகப் பாறையைத் துளைத்துப் போர்க் கிணறு போட்ட மனிதர் அவர். உடம்பெல்லாம் கல் தூசியாக இருந்தாலும் கவலைப்பட மாட்டார், ஆனால் அந்தக் கார்மேல் ஓர் எறும்பு ஊர்ந்தால்கூடத் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தட்டிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட கார் மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் மொய்தீன் பாயின் ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றது. முன்கதவில் முழ நீளத்துக்கு ஒரு கீறல். தகரம் உள்வாங்கி, பெயிண்டு உரிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது.

"மாட்டு வண்டிக்காரன் பாய்! வளைவுல திரும்பறான், சக்கரத்துக் குடம் வந்து கதவைத் தேச்சிருச்சு. எறங்கி நாலு வார்த்தை கேக்கலாம்னு போனா, அந்த மாடு என்னை ஒரு பார்வை பாத்துது பாருங்க."

"மாடு என்னங்க சொல்லுச்சு?" என்று பாய் கேட்டார்.

"ஓரமா ஓட்டத் தெரியாதான்னு கேட்டுது."

பாய் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி பக்கத்தில் நின்று கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த ஷெட்டில் லாரிக்குப் பெயிண்டு அடிக்கிறவர். லாரிக்கு அடிப்பது வேறு, காருக்கு அடிப்பது வேறு. லாரிக்கு வாளியில் பெயிண்டைக் கலக்கி, பிரஷ்ஷில் அள்ளி, இழுத்து விடலாம். மேலே தாமரை, கிளி, கொல்லிமலை அருவி எல்லாம் வரைந்து வார்னிஷ் பூசினால் ஓட்டுகிறவன் மனம் குளிர்ந்துவிடும். காருக்கு அப்படியில்லை. கம்ப்ரஸரில் காற்றை ஏற்றி, ஸ்ப்ரே கன்னில் பனி மாதிரி தெளிக்க வேண்டும். அதற்குமேல் கிளியர் என்று நிறமே இல்லாத ஒரு பூச்சு. அதில் நம் முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காசு கொடுக்க மாட்டார்கள், முறைத்துப் பார்ப்பார்கள்.

அப்போது லாரி வேலை குறைந்து போயிருந்தது. பவானி ரோட்டில் பெரிய ஷெட் ஒன்று வந்து, லாரிகள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. இனி கார்தான் கதி என்று பாய் சேலத்தில் பழைய கம்ப்ரஸர் ஒன்று வாங்கி வந்து ஒரு மாதமாகிறது. ஒரு கார்கூட வரவில்லை. வந்த முதல் கார் இது.

நாச்சிமுத்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஏப்பா வெள்ளியங்கிரி, ரிக்குக்கு ஆள் வேணும்னு நானும் தீவாளியிலிருந்து உன்னைக் கூப்புடறேன். நீ பிடிகொடுக்க மாட்டீங்கற. இப்ப ஒண்ணு சொல்றேன் கேளு. ஞாயித்துக்கெழமை நான் சம்பந்தி ஊட்டு விருந்துக்கு இந்தக் கார்ல போகோணும். கதவு நல்லா வந்துச்சுன்னா நானே கார்க்காரனுகளைக் கூட்டியாறேன், நீ இங்கயே ராசாவாட்டம் காரடிச்சுட்டு இரு. வரலீன்னு வெய்யி, திங்கக்கெழமை காலையில மத்தியப் பிரதேசத்துக்கு ரிக் கெளம்புது. பொட்டியைத் தூக்கிட்டு ஏறிக்கோணும். என்ன சொல்ற?"

"ஆகட்டுங்க" என்றுவிட்டார் இவர்.

எனக்கு இது மத்தியானம்தான் தெரிந்தது. எங்கள் வீடு ஷெட்டுக்குப் பின்னாலேயே. கல்யாணமாகி ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ரிக்கில் போகிறவர்கள் போனால் எப்போது வருவார்கள் என்று ரிக் முதலாளிக்கே தெரியாது. தண்ணீர் வருகிற வரை தோண்டுவார்கள், அப்புறம் அடுத்த ஊர், அப்புறம் அதற்கு அடுத்த ஊர். பக்கத்துத் தெரு ராமாயியின் புருஷன் போய்த் திரும்பி வந்தபோது அவள் குழந்தை அவரைப் பார்த்து "யாரும்மா இந்த மாமா?" என்று கேட்டதாம்.

"ஏனுங்க, என்னை ஒரு வார்த்தை கேக்காம ஆகட்டுங்கன்னுட்டீங்களே?"

"கேட்டா நீ வேண்டாங்கப் போற. இங்க கெடக்கற லாரியை வெச்சு எத்தனை நாளைக்கு ஓட்டறது, வசந்தாமணி? கதவு நல்லா வந்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லது. வராம எங்க போயிரும்?"

என் மாமியார் குப்பாயி அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இவர் ஒரே பிள்ளை. "என்ற பையன் கை வெச்சா எல்லாம் வெளங்கும். கண்ணு படாம இருந்தாச் செரி" என்றார், தலையில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே. அவர் எண்ணெய் வைப்பது நாம் வைக்கிற மாதிரி இருக்காது. உச்சியில் ஊற்றினால் காதோரம் வந்து எட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சூடு தணியாதாம்.

வேலை ஆரம்பமாயிற்று. உள்வாங்கிய தகரத்தை மரச் சுத்தியால் தட்டி எடுத்தார்கள். பள்ளத்தை நிரப்பப் பட்டி என்ற பசையை வைத்தார்கள். காய்ந்த பட்டியை வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்க்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது என் வேலை. சொம்பைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன், இவர் தேய்ப்பார். கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் பக்கம் பக்கமாக நின்று இவ்வளவு நேரம் பேசியது அந்தக் கதவுக்கு முன்னால்தான் என்று நினைக்கிறேன். பேசியதெல்லாம் "ஊத்து", "போதும்", "ஊத்து" மட்டுமே. அதனால் என்ன?

அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து, சாம்பல் நிறத்தில் கதவு கன்னம் மாதிரி வழவழவென்று நின்றது. செவ்வாய்க்கிழமை கலர் அடித்தார். பழக்க தோஷம்! லாரிக் கை. போதாது போதாது என்று ஒரே இடத்தில் தெளிக்க, கலர் திரண்டு கீழ்நோக்கி வடிந்துவிட்டது. கைப்பிடிக்குக் கீழே ஒரு கம்பளிப்பூச்சி தொங்குகிற மாதிரி இருந்தது.

"தம்பி" என்றார் பாய், ரொம்பவும் மரியாதையாக, "இது கொல்லிமலை அருவிதானே? கார்ல வேண்டாம்ப்பா."

வடிந்தது காயட்டும் என்று விட்டு, மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி அந்தத் தடிப்பை மட்டும் தேய்த்துத் தரைமட்டமாக்கினார். ஓர் எண்ணெய் டிரம்மை நிறுத்தி வைத்து, கன்னைப் பிடித்து நடந்துகொண்டே தெளிக்கப் பழகினார். நின்றால் வடியும், நடந்தால் வடியாது. இதைக் கண்டுபிடித்ததும் ஷெட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கையை நீட்டியபடி அவர் நடந்த நடையைப் பார்த்து டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆனால் மறுபடி அடித்தபோது கலர் அச்சு அசலாக விழுந்தது. பாயே மெச்சினார்.

தொட்டால் ஒட்டாத அளவுக்குக் கலர் இறுகிய நேரத்தில் என் மாமியார் சோற்றுப் போசியோடு வந்தார். நான் வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். ஆண்கள் பின்பக்கத் தொட்டியில் கை கழுவி வந்து, சாப்பிட்டு, கலர் நன்றாகக் காயட்டும் என்று காத்திருந்து, புதன்கிழமை காலையில் கிளியர் அடித்தார்கள்.

அடித்துக் கண்ணை மூடித் திறப்பதற்குள் கதவு முழுக்கக் குழி. முழுக்க என்று சொல்ல முடியாது. நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாக, பெயிண்டு அந்த இடத்தில் நிற்க மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்ட மாதிரி.

"என்னப்பா இது, அம்மை போட்ட மாதிரி இருக்குது?" என்றார் பாய்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மத்தியானம் சோறு கொண்டு வந்த என் மாமியார் காதில் அது விழுந்துவிட்டது. சாயங்காலம் பார்த்தால் காரின் வைப்பரில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. "வண்டியானாலும் அம்மான்னா மரியாதை வேணுமல்லோ" என்றார்.

கிளியரை முழுக்கத் தேய்த்து எடுத்தார்கள். குழியின் அடி வரைக்கும் போக வேண்டுமென்று அழுத்தியதில் கதவின் ஓரத்தில் கலரும் சேர்ந்து போய், பிரைமர் பல்லைக் காட்டியது. மறுபடி கலர். கம்ப்ரஸரில் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று அடியில் இருந்த திருகைத் திறந்து வடித்தார்கள். பெயிண்டில் கலக்கும் தின்னர் சரியில்லை என்று வேறு டின் வாங்கினார்கள். வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கலர் அடித்தால், கலரிலேயே குழி! அதே இரண்டு இடத்தில்!

பாய் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய், கார் பெயிண்டர் ஒருவரைப் பிடித்து விசாரித்துவிட்டு வந்தார். "எண்ணெய்ப்பா! எங்கயோ எண்ணெய் படுது. ஒரு சொட்டு போதுமாம். கிரீஸ் டப்பாவையெல்லாம் வெளியில தூக்கு. டீக்கடை வடை இனிமே ஷெட்டுக்குள்ள வரப்படாது."

"வடையுமாங்க?" என்றார் இவர்.

"மொதல்ல வடை. அப்புறந்தான் மத்ததெல்லாம்."

வடையை விட்டார்கள். கிரீஸ் டப்பாக்கள் புளியமரத்தடிக்குப் போயின. கதவைத் தேய்த்து, மறுபடி பிரைமர் வரைக்கும் வந்து நின்றார்கள். இப்படியே ஒவ்வொன்றாகக் கதவுக்குப் பணிவிடை செய்ததில் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் நாச்சிமுத்து வந்து நிற்பார். ரிக் டிரைவர் சுப்பையன் அந்தப் பக்கமாகப் போனவர், வண்டியை நிறுத்தி, "வெள்ளியங்கிரி, கம்பளி ஒண்ணு எடுத்துக்கப்பா, அங்க குளுரு சாஸ்தி" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

என் மாமியார் அந்த இரண்டு நாளில் பாதியாக இளைத்துவிட்டார். "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க அம்மிணி. கதவு அப்படி நின்னுதே, பாத்தவன் எவனோ வயிறெரிஞ்சிருக்கான்" என்று என்னிடம் புலம்பினார். மிளகாயும் உப்பும் சுற்றிப் போடலாமா என்று கேட்டார். தின்னர் இருக்கும் இடத்தில் நெருப்புக் கூடாது என்று பாய் கையெடுத்துக் கும்பிட்டார்.

வெள்ளிக்கிழமை, என் மாமியார் காலைக் கஞ்சியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, வெயில் ஏறி வரும் நேரம். பிரைமர் அடித்துக் காய்ந்திருந்த கதவைக் கடைசியாக ஒரு தேய் தேய்க்க வேண்டும். நான் சொம்போடு நின்றேன். இவர் பேப்பரை நனைத்து மடித்துக்கொண்டிருந்தார். சும்மா நிற்பானேன் என்று நான் கதவின் மேல் விளிம்பில் தண்ணீரை ஊற்றினேன்.

தண்ணீர் கதவு முழுக்க ஒரு மெல்லிய துணி விரித்த மாதிரி இறங்கியது. இரண்டு இடத்தில் மட்டும் இறங்கவில்லை. அங்கே ஒட்டாமல் உருண்டு, சுற்றிக்கொண்டு போயிற்று. அது விட்டுப் போன இடம் என்ன வடிவம் என்று பார்த்தால், கை. பக்கத்திலேயே இன்னொரு கை. ஐந்து விரலும் விரித்துவைத்த இரண்டு முழுக் கை. வலது கையின் சுண்டு விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக விலகி நின்றது.

"பாய்! இங்க வாங்க, சீக்கிரம்!" என்று கத்தினார் இவர்.

பாய் வந்து குனிந்து பார்த்தார். தன் கையை ஒட்டாமல் மேலே பிடித்து அளந்தார். அவர் கை முறம் மாதிரி. பொருந்தவில்லை. இவர் கையும் பெரிது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்று என் கையைக் காட்டினேன். எனக்குச் சுண்டு விரல் நேராகத்தான் இருக்கிறது.

"அப்ப யார்தான்..." என்று இவர் ஆரம்பித்தபோது வாசலில் வளையல் சத்தம் கேட்டது. யார் வந்து கை வைக்கிறார்கள் என்று பார்க்க, நாங்கள் மூன்று பேரும் சட்டென்று கம்ப்ரஸருக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒளிந்துகொண்டோம். என் மாமியார் போசியோடு உள்ளே வந்தார். "சாமி, சோறு!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. யாரும் இல்லை என்று நினைத்துப் போசியை இறக்கி வைத்தார்.

நேராகக் கதவிடம் போனார். சற்றுத் தள்ளி நின்று தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்தார், பேத்தியைப் பார்க்கிற மாதிரி. "என்ற கண்ணே பட்டுரும் போலிருக்குதே" என்றார். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, கதவின் நடுவில் அழுத்தி ஒற்றி எடுத்து, கைகளைத் தன் நெற்றியின் இரு பக்கமும் கொண்டுபோய் மடக்கினார். பத்து விரலும் படபடவென்று நெட்டி முறிந்தன. எண்ணெய் வழியும் தலையில்! அவ்வளவு திருஷ்டி! முறிந்த சத்தத்தில் திருப்தி வராமல், இன்னொரு தடவை அதே கைகளைக் கதவில் அதே இடத்தில் ஒற்றி எடுத்து, மறுபடி நெற்றியில் வைத்து முறித்தார்.

கறவை மாடு உதைத்து ஒருமுறை ஒடிந்த அவருடைய வலது சுண்டு விரல், தனியாக விலகி நின்றது.

பாய் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கிற்று. இவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் தேய்த்த தேய்ப்பெல்லாம் கையில் கொப்புளமாக நின்றது அவருக்கு.

"அம்மா! என்னம்மா பண்றே? நாஞ் செத்துத் தேச்சிட்டு இருக்கேன், நீ வந்து நித்தமும் எண்ணெயப் பூசிட்டுப் போறியா?"

மாமியார் திடுக்கிட்டுத் திரும்பினார். "எண்ணெயா? நான் எங்கடா எண்ணெயப் பூசுனேன்? திருஷ்டி கழிச்சேன்!"

"உன்ற கையெல்லாம் எண்ணெய்! அதுதான் குழிக்குழியா வருது. கதவைக் கெடுத்ததே நீதான்!"

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெத்த கை பட்டுக் கெட்டுப்போகுமாக்கும்" என்றார் மெதுவாக. அப்புறம் போசியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய், புளியமரத்தடியில் கிரீஸ் டப்பாக்களோடு டப்பாவாக உட்கார்ந்துகொண்டார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது.

"நல்லாத்தான் பேசுனீங்க போங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டு நான் மரத்தடிக்குப் போனேன்.

"அத்தை, சாப்பிட வாங்க."

"எனக்கு வேண்டாம். போய் உம்புருசனுக்குப் போடு. நாளைக்கு ரிக்குல போனா ஆரு போடுவா?" முந்தானையை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனார். "அவன் போயிறக் கூடாதுன்னுதாண்டி பண்ணுனேன். நாந்தான் அவனை அனுப்பி வெக்கறனாமா?"

எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தால் கதவை யார் பார்ப்பது?

"அத்தை, நான் ஒண்ணு கேக்கறேன். லாரிக்கு அவர் படம் வரைஞ்சா ஊர்ல எல்லாரும் லாரியவா பேசறாங்க? வரைஞ்ச கையத்தானே பேசறாங்க? கதவு நல்லா வந்தாலும் அப்படித்தானுங்க. கண்ணு படறது கதவுக்கில்லீங்க, அடிக்கறவருக்குத்தான். அவருக்கு நீங்க கழிச்சீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். யோசித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அட, ஆமாம்புள்ள" என்றார். "அவனுக்குக் கழிச்சு நாளாச்சு."

எழுந்து விடுவிடென்று ஷெட்டுக்குள் போனார். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த முகத்தையே இரண்டு கையாலும் வழித்து, நெற்றியில் வைத்து அவர் முறித்த முறிப்பு டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். மீசை, கன்னம், தாடையெல்லாம் பளபளத்தது.

"போதுமா, விடும்மா" என்றார் இவர். கோபம் பாதி போய்விட்டது, குரலிலேயே தெரிந்தது.

"போதாது. இன்னொருக்கா."

"ஆத்தா, நல்லாக் கழிங்க" என்றார் பாய். "தம்பி, நீ மட்டும் மூஞ்சியச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் கன்னைத் தொடோணும். சொல்லிட்டேன்."

அதன் பிறகு வேலையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! சோப்புத் தூள் போட்டுக் கதவைக் கழுவினார்கள். வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்து ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்து, ஈரம் காயும்முன் இன்னொரு துணியால் துடைத்து எடுத்தார்கள். துணியை அப்படியே தூர எறிந்தார்கள், திருப்பி வைக்கவில்லை. நான் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கை, விரல் எதுவும் இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே துணியாக இறங்கியது தண்ணீர். என் மாமியார் எட்டி நின்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். தன் கைகளை நம்ப முடியாதாம்.

இவர் மெல்லிசாக, பனி விழுகிற மாதிரி முதலில் ஒரு தூவல். அது இறுகியதும் இன்னொன்று. நடந்துகொண்டே, நிற்காமல். கலர் விழுந்தது. காத்திருந்தோம். குழி இல்லை. சனிக்கிழமை காலையில் கிளியர். அதிலும் இல்லை! மத்தியானம் வரை காயவிட்டு, அதற்கப்புறம் மிக மெல்லிய பேப்பரால் தூசு தும்பை எடுத்து, மெருகேற்றும் காம்பவுண்டுப் பசையை வைத்து நாலு பேரும் முறை வைத்துத் தேய்த்தோம். மாமியாருக்குக் கையில் துணியைச் சுற்றி விட்டிருந்தோம். கடைசியில் கதவில் பாயின் தாடி தெரிந்தது. ஒவ்வொரு முடியாக எண்ணலாம்.

வெயில் தாழ நாச்சிமுத்து வந்தார். கதவின் முன்னால் குனிந்தார், நிமிர்ந்தார், பக்கவாட்டில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எங்கள் மூச்சு எல்லாம் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மறுபடி கதவு.

"ம்" என்றார். "திங்கக்கெழமை காலையில வாரேன். அப்பப் பேசிக்கலாம்." வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

ம் என்றால் என்ன? நல்ல ம்மா, கெட்ட ம்மா? ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சு. பாய் வந்து, "நல்ல ம்தான்ப்பா, இழுத்துச் சொன்னாரல்ல" என்றார். மாமியார் "இழுத்துச் சொன்னாத்தான் கெட்டது" என்றார். இவர் துணிமணிகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்தார். வாக்குக் கொடுத்துவிட்டேன், கூப்பிட்டால் போகத்தான் வேண்டும் என்றார். நான் கம்பளியை எடுத்துத் தரவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரியாது என்று சொன்னேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் ரிக் வந்து ஷெட்டுக்கு முன்னால் நின்றது. இரும்புக் குழாய்களும் ஏணி மாதிரி நீட்டிய கோபுரமுமாக, ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும் அது. என்ஜினை அணைக்காமலே சுப்பையன் ஹாரன் அடித்தார். இவர் பெட்டியோடு வெளியே வந்தார். நானும் மாமியாரும் பின்னால். பாய் ஷெட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றார்.

இவர் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். அந்த நேரத்தில் பியட் வந்தது. வந்த வேகத்தில் ரிக்குக்குக் குறுக்கே நின்றது. நாச்சிமுத்து இறங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எறங்குடா கீழே!"

இவர் இறங்கினார்.

"நான் உன்னை என்ன பண்ணச் சொன்னேன், நீ என்ன பண்ணி வெச்சிருக்கற? நேத்து சம்பந்தி ஊட்டு வாசல்ல காரை நிறுத்தறேன். அந்தாளு வெளிய வந்து காரைச் சுத்திப் பாக்கறாரு. பாத்துட்டு, அத்தனை ஒறம்பரைச் சனம் முன்னால கேக்கறாரு: 'ஏனுங்க மச்சான், கதவு மட்டும் எந்தக் கார்ல கழட்டி மாட்டுனீங்க?'"

ரிக் என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"இந்தக் கதவு ஒண்ணு புது மாப்பிள்ளையாட்டம் மினுங்குது. மத்ததெல்லாம் அதும் பக்கத்துல நிக்கவே கூசுது! இத்தனை நாளா என்ற கார் இப்படி மங்கிக் கெடந்துதுன்னு எனக்கே தெரியல. நீ காட்டிக் குடுத்துட்ட. மானம் போச்சு. முழுசையும் அடி. பேனட், டிக்கி, மீதிக் கதவு, எல்லாத்தையும். ஒரே மாதிரி இருக்கோணும். முடிச்சுட்டுத்தான் நீ நகரோணும்."

"அப்ப ரிக்குங்க?" என்றார் இவர்.

"ரிக்குக்கு ஆளா இல்லை? இதை விட்டுட்டு நீ போயிட்டா நான் மறுக்கா எப்படிச் சம்பந்தி ஊட்டுக்குப் போறது? அந்தாளும் அவர் காரைக் கொண்டாறேங்கறாரு. வந்தா நல்லாப் பண்ணு. ஆனா என்னுதை விடக் கொஞ்சம் கம்மியா மினுங்கட்டும்."

பாய் ஷெட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். நான் தகரப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். யாராவது மனம் மாறிவிட்டால் என்ன செய்வது?

திரும்பி வந்து பார்க்கும்போது கார் ஷெட்டுக்குள் போயிருந்தது. கார் இல்லாத நாச்சிமுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரிக்கின் படியில் கால் எட்டாமல் தவித்துக்கொண்டிருந்தார். சேலத்தில் ஏதோ வேலையாம், அங்கே இறக்கிவிடச் சொல்லியிருந்தாராம். சுப்பையன் மேலிருந்து கையைப் பிடித்து இழுத்தார், பாய் கீழிருந்து தள்ளினார்.

"சூதானமாப் போயிட்டு வாங்க சாமி" என்றார் என் மாமியார்.

இவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பின்கதவின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டே, தலையை மட்டும் வெளியே நீட்டி, "வசந்தாமணி, சொம்பு எடுத்துட்டு வா" என்றார்.